கோணாமலை என்ற குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. உங்கள் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கோணாமலை' என்று இருக்கிறது. அப்பா திருகோணமலையில் பிறந்தவர். நீங்கள் பிறந்து வளர்ந்த வெளிநாட்டு நகரத்தில் அந்தப் பெயர் வேறு எவருக்கும் இல்லை. இன்னொரு நாட்டில் அதே பெயரோடு ஒரு குடும்பம் இருப்பதை அண்மையில் கண்டிருக்கிறீர்கள். ஆனால் அவர்களுடைய ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. பெயரின் பொருள் என்ன, எவ்வளவு பழையது, உலகத்தில் எத்தனை பேருக்கு உண்டு, அந்தக் குடும்பம் உங்கள் சொந்தமா, எழுத்துக்கூட்டலை அவர்களுடையதைப் போல மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: இது தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு குலத்தின் பெயர் என்பது. பிறப்புப் பதிவுகளையும் காணி உறுதிகளையும் வாசித்துப் பழகியவன் என்ற முறையில் அந்த நம்பிக்கையை முதலில் திருத்திவிட்டுத்தான் மற்றவற்றுக்கு வர முடியும்.

கோணாமலை ஓர் ஆளின் பெயர். உங்கள் பேரனாரோ (அப்பாவின் அப்பா) அவருக்கும் முந்தியவரோ, பிறந்தபோது அவருக்கு வைத்த சொந்தப் பெயர் அது. திருகோணமலைச் சைவத் தமிழரிடம், இலங்கைத் தமிழர் பெரும்பாலாரிடம் போலவே, தலைமுறை தாண்டி ஓடும் குடும்பப்பெயர் என்ற ஒன்று வழக்கில் இருந்ததில்லை. பிள்ளைக்கு ஒரு பெயர். அதற்கு முன்னால் தகப்பன் பெயர் முழுதாகவோ முதலெழுத்தாகவோ நிற்கும். கோணாமலையின் மகன் சிவகுமார் என்றால் அவர் கோ. சிவகுமார். சிவகுமாரின் மகள் சி. மாலதி. மூன்றாம் தலைமுறையில் கோணாமலை என்ற பெயர் எழுத்தில் இருக்கவே இருக்காது. பெண் மணம் முடித்தால் தகப்பன் பெயர் இருந்த இடத்தில் கணவனின் சொந்தப் பெயர் வரும். இந்த ஒழுங்கில் பெயர் ஒரு படிதான் இறங்கும், அதோடு நின்றுவிடும்.

அதை நிற்கவிடாமல் உறைய வைத்தது கடவுச்சீட்டு. அந்தப் படிவத்தில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம், மற்றப் பெயர்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் 'கோணாமலை சிவகுமார்' என்று இருந்தால் முன்னால் நிற்கும் கோணாமலை முதற்கட்டத்துக்குள் போய்விடும். 1983-க்குப் பிறகு பெருந்தொகையாக வெளியேறிய தலைமுறைக்கு இதுதான் நடந்தது. போய்ச் சேர்ந்த நாட்டில் அவருக்குப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலும் நகரசபையிலும் 'உங்கள் குடும்பப்பெயர் என்ன' என்று கேட்டு, அதே கோணாமலையைப் பிள்ளைக்கும் எழுதினார்கள். ஊரில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை சிவகுமாரின் பெயரைத்தான் முன்னால் வைத்திருக்கும். ஆகவே ஒரு குடும்பப்பெயராக உங்கள் பெயருக்கு வயது பெரும்பாலும் நாற்பது ஆண்டுகளைச் சுற்றித்தான் இருக்கும். மனிதப் பெயராக அது எவ்வளவோ பழையது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு, உறவினரைத் தேடும்போது இது முக்கியம். எல்லாருக்கும் ஒரே மாதிரி உறையவில்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் சேராமல் 'சிவகுமார்' என்று மட்டும் இருந்தவருக்கு அதுவே குடும்பப்பெயர் ஆனது. சிலருக்குக் கட்டங்கள் மாறி, சொந்தப் பெயர் குடும்பப்பெயராகவும் தகப்பன் பெயர் முதற்பெயராகவும் ஏறிவிட்டது. இதனால் ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று சகோதரர்களின் பிள்ளைகள் மூன்று நாடுகளில் மூன்று குடும்பப்பெயரோடு இருப்பார்கள். உங்கள் சொந்தப் பெரியப்பா பிள்ளைகளுக்குக் கோணாமலை என்ற பெயரே இல்லாமல் இருக்கலாம். எங்கோ உள்ள யாரோ ஒருவருக்கு அது இருக்கலாம்.

இனிப் பொருளுக்கு வருவோம். தமிழர் கோயில் இருக்கும் தலத்தின் பெயரையே ஆளுக்கு வைப்பது பழைய வழக்கம். சிதம்பரம், அண்ணாமலை, பழனி, அருணாசலம் எல்லாம் அப்படி வந்த ஆட்பெயர்கள். இலங்கையில் கதிர்காமர், கதிர்காமத்தம்பி. அந்த வரிசையில் திருகோணமலைக்கு உரியது கோணாமலை. அது குறிப்பது கோணேசர் கோயில் கொண்ட மலையை, இன்று கோட்டைக்குள்ளே கடலுக்கு மேலே நிற்கும் சுவாமி மலையை. தலத்தின் பெயராக அது குறைந்தது 7-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் இருக்கிறது. மூன்றாம் திருமுறையில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே' என்று முதற்பாட்டிலேயே சொல்கிறது. சோழர் காலத்தது என்று கருதப்படும் நிலாவெளிக் கல்வெட்டில் திருக்கோணமலை மச்சகேஸ்வரம் உடைய மகாதேவருக்கு 250 வேலி நிலம் விட்ட செய்தி வருகிறது. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் 'திருக்கொணாமலை' என்று பாடுகிறார். உங்கள் பெயரில் உள்ள அந்த 'ணா' என்ற நெடில், இலக்கியத்தில் இங்கே கேட்கிறது.

கோணமலை எப்படிக் கோணாமலை ஆனது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் பொருந்தும். கோணமாமலை என்பதில் நடுவிலுள்ள 'மா' தேய்ந்து, அதன் நீட்சி மட்டும் 'ணா'வில் தங்கியது என்பது ஒன்று. அண்ணாமலை என்ற பெயர் தமிழர் எல்லாருக்கும் வாய்ப்பழக்கமானது. அதன் ஓசைக்கு இணையாகக் கோணாமலையும் நீண்டது என்பது மற்றது. ஆட்பெயரைப் பொறுத்தவரை இரண்டாவதற்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன், ஏனென்றால் ஊரின் பெயர் இன்று நீளாமல் திருகோணமலையாகவே நிற்க, ஆளின் பெயர் மட்டும் நீண்டிருக்கிறது. இது என் ஊகம், ஆவணம் அல்ல. 'கோணா மலை' என்று பிரித்து 'வளையாத மலை' என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. இலக்கணப்படி அந்தப் பிரிப்பில் பிழை இல்லை, அண்ணாமலையை 'அணுக முடியாத மலை' என்று பிரிப்பதும் அப்படித்தான். ஆனால் தேவாரத்தில் கோணமாமலை என்று இருக்கும்போது, வளையாமை என்பது பின்னால் கண்ட நயம் என்றே கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல பொருள். பெயரின் தோற்றம் அது அல்ல.

'கோணம்' என்பதற்கே என்ன பொருள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமை இல்லை. வடமொழி, பாளி மூலங்கள் இந்த இடத்தைக் கோகர்ணம், கோகண்ண என்று சொல்கின்றன. மகாவம்சத்தில் மகாசேன மன்னனைப் பற்றிய பகுதியில் அந்தப் பெயர் வருகிறது, திருகோணமலைக் கோட்டையில் கிடைத்த சோடகங்கன் என்பவரின் 1223-ஆம் ஆண்டு வடமொழிக் கல்வெட்டிலும் கோகர்ணம் என்றே இருக்கிறது. கோகர்ணம் தேய்ந்து கோணம் ஆனது என்பார் ஒரு சாரார். கடலுக்குள் வளைந்து நீளும் நிலத்தின் வடிவத்தால் தமிழிலேயே கோணம் என்று பெயர் வந்தது, வடமொழியார் அதைத் தங்களுக்குத் தெரிந்த தலப்பெயராக்கிக்கொண்டார்கள் என்பார் மறுசாரார். இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஆனால் 'மூன்று கோணம் உள்ள மலை, ஆகவே திரிகோணமலை' என்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கத்தை நம்ப வேண்டாம். சம்பந்தர் வெறும் கோணமாமலை என்கிறார். முன்னால் வரும் 'திரு' மற்றத் தலங்களுக்கு வருவது போன்ற மதிப்புச் சொல்.

ஆங்கில எழுத்தில் மட்டும் தங்கள் பெயரைக் கண்டவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'ண'வும் 'ன'வும் ஒரே எழுத்தாகிவிடும். அதனால் சில பெயர்த் தேடல் தளங்கள் இந்தப் பெயரைக் 'கோன்' என்ற அரசன் சொல்லோடும், தமிழ்நாட்டுக் கோனார் என்ற சமூகப் பெயரோடும் முடிச்சுப் போடுகின்றன. அவை றன்னகர 'ன'. உங்களுடையது டண்ணகர 'ண'. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தமிழில் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்தப் பெயரை வைத்தவர்கள் வாழ்ந்த காலத்தையும் நினைக்க வேண்டும். 1620-களில் போர்த்துக்கேயர் மலைமேல் இருந்த கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். மறைத்துக் காப்பாற்றிய மூர்த்தங்களோடு வழிபாடு தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலில் தொடர்ந்தது. மலைமேல் மீண்டும் கோயில் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1963-இல்தான். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே கோயில் இல்லை, மலை மட்டும்தான் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் பூசகர் மலை விளிம்பில் நின்று கடலை நோக்கிப் பூசை செய்ததைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பேரனாரோ அவருடைய தகப்பனாரோ பிறந்தபோது பெற்றோர் பிள்ளைக்கு வைத்தது, கோயில் இல்லாத அந்த மலையின் பெயரை. பெயரின் மதிப்பு எனக்கு அங்கேதான் தெரிகிறது.

கோணேசரைக் குறிக்கும் பெயர்கள் ஒரு பெரிய குடும்பம்: கோணேசபிள்ளை, கோணேஸ்வரன், கோணேசலிங்கம், கோணேசமூர்த்தி, கோணநாயகம், பெண்களுக்குக் கோணேஸ்வரி, அம்பாள் பெயரால் மாதுமை. இவற்றில் கோணேஸ்வரன் போன்றவை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தாராளமாக உண்டு. பிள்ளைவரம் வேண்டி நேர்த்தி வைத்து வந்தவர்கள் எந்த ஊரவராகவும் இருக்கலாம். கோணாமலை, கோணநாயகம் இரண்டும் இந்த மாவட்டத்தை இன்னும் நெருக்கமாகச் சுட்டும், வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலை அண்டிய ஊர்களில் சித்திரவேல் என்ற பெயர் நிற்பது போல. சுட்டும் என்றுதான் சொல்கிறேன், நிரூபிக்கும் என்று சொல்லவில்லை. பெயரை வைத்து ஊரை ஊகிக்கலாம். ஊரை உறுதி செய்ய ஆவணம் வேண்டும்.

சாதி பற்றியும் குலம் பற்றியும் யாராவது உங்களுக்கு உறுதியாகச் சொன்னால் பொறுத்துக் கேளுங்கள். கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல், குளக்கோட்டன் என்ற மன்னன் கோயில் பணிக்காகக் குடிகளைக் கொண்டுவந்து தானத்தார், வரிப்பத்தார் என்று தொழும்பு (கோயில் ஊழியம்) வகுத்ததை விரிவாகச் சொல்கிறது. அதைக் கொண்டு, கோணாமலை என்று பெயர் இருந்தால் கோயில் தொழும்புக் குடும்பம்தான் என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி ஒரு விதி இல்லை. மலைமேல் பக்தி உள்ள எந்தக் குடும்பமும் இந்தப் பெயரை வைத்திருக்கலாம், வைத்தும் இருக்கிறது. தொழும்பு உரிமை இருந்த குடும்பம் என்றால் அதற்குத் தனித் தடயம் இருக்கும்: கோயிலில் இன்ன நாளில் இன்ன வேலை, அதற்கு உரிய வயல் அல்லது நெல். அந்தத் தடயத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு நேர்மையான ஓர் எண் கிடையாது. இணையத்தில் உலகளாவிய குடும்பப்பெயர்க் கணக்கு என்று காட்டும் எண்களை இந்தப் பெயருக்குப் பயன்படுத்த முடியாது, காரணம் மூன்று. அவை ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராக எண்ணுகின்றன. இலங்கையில் உள்ளவர்களுக்குக் கோணாமலை என்பது முதலெழுத்தாகச் சுருங்கி 'கோ.' என்று நிற்பதால் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. கோணாமலை என்பதைச் சொந்தப் பெயராகக் கொண்டவரையும், தகப்பன் பெயராகக் கொண்டவரையும், உங்களைப் போல் உறைந்த குடும்பப்பெயராகக் கொண்டவரையும் அவை வேறு பிரிக்காமல் ஒன்றாகக் கூட்டுகின்றன. இலங்கை வாக்காளர் இடாப்பும் கிராம உத்தியோகத்தர் பிரிவு, வீட்டு இலக்கம் என்ற ஒழுங்கில்தான் இருக்கும். குடும்பப்பெயர் ஒழுங்கில் அல்ல. குடும்பப்பெயராக இது அரிது என்று சொல்ல எண் தேவையில்லை, அது உருவான விதமே போதும். அந்தப் பெயருள்ள ஒருவர் இருந்து, அவருடைய பிள்ளை வெளிநாடு போய், அந்தக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முதற்கட்டத்தில் விழுந்தால் மட்டுமே இது குடும்பப்பெயர் ஆகும். ஆட்பெயராக ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் அரிதான பெயர் அல்ல. இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு வைப்பது குறைந்துவிட்டது.

தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை அகலமாக எடுங்கள். முதலெழுத்து இன்று பெரும்பாலும் கே (K). ஆனால் பிரித்தானியர் கால ஆவணங்களில் சீ (C) என்றும் இருக்கும். கந்தையா என்ற பெயர் இரண்டு எழுத்திலும் எழுதப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த நெடிலுக்கு ஓ ஒன்றோ இரண்டோ வரும். கடைசி 'லை'க்கு எல்லுக்குப் பின்னால் ஏ ஐ (ai), ஏ வை (ay), தனி வை (y), தனி ஈ (e) என நான்கு வகையையாவது போட்டுப் பாருங்கள். முன்னால் 'திரு' சேர்ந்த வடிவத்தையும் விடாதீர்கள். ஒரே வீட்டில் இரண்டு எழுத்துக்கூட்டல் வருவது சாதாரணம்: ஒருவருடைய சான்றிதழை ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்திருப்பார், தம்பியுடையதை வேறொருவர்.

உங்கள் வேர் தெரிய வேண்டுமானால் பெயரைப் பின்தொடர வேண்டாம், அந்த ஆளைப் பின்தொடருங்கள், இன்றிலிருந்து பின்னோக்கி. முதலில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். அதில் தகப்பன், தாய் இருவரின் முழுப்பெயர், பிறந்த இடம், தகப்பனின் தொழில் இருக்கும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் வந்த சான்றிதழ்ப் படிவத்தில் இன்னொரு நல்ல கட்டம் உண்டு: பிள்ளையின் பேரனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். பலர் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அந்த ஒரு கட்டத்தால் இரண்டு தலைமுறை ஒரே தாளில் கிடைத்துவிடும். அந்த ஆண்டையும் இடத்தையும் வைத்து அடுத்த பிறப்புப் பதிவைத் தேடலாம். பிறகு கோணாமலை என்ற அந்த ஆளின் மரணச் சான்றிதழ். அதில் அவருடைய தகப்பன், தாய் பெயர் இருக்கும், ஆகவே இன்னொரு படி மேலே போகலாம். திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் தகப்பன் பெயரும் இருக்கும், ஆனால் பழைய தலைமுறையில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட திருமணங்கள் ஏராளம், அதனால் கிடைக்காவிட்டால் ஏமாற வேண்டாம்.

விண்ணப்பிப்பது பிரதேச செயலகத்தில். பிறந்த இடம் எந்தப் பிரிவு என்று தெரிந்திருக்க வேண்டும். 'திருகோணமலை' என்று வீட்டில் சொல்வது மாவட்டத்தையா பட்டணத்தையா என்று கேட்டுத் தெளியுங்கள். பட்டணமும் சூழலும், குச்சவெளி, தம்பலகாமம், மூதூர், வெருகல் எல்லாம் வேறு வேறு பிரதேச செயலகங்கள். பழைய தாள்களில் கட்டுக்குளம்பற்று, கொட்டியாரம்பற்று, தம்பலகாமப்பற்று என்று இருக்கும்: குச்சவெளிப் பக்கம் முதலாவது, மூதூர், வெருகல் பக்கம் இரண்டாவது. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் ஆண்டை முடிந்தவரை நெருக்கிக் கொடுங்கள், ஏனென்றால் குறிப்பிட்ட காலத்துக்குள்தான் இடாப்பைத் தேடித் தருவார்கள். மொழிபெயர்ப்போ தட்டச்சுப் பிரதியோ கிடைத்தால் அதோடு நிற்காமல், மூலப் பதிவின் படப்பிரதியைக் கேளுங்கள். பழைய இடாப்புகள் பெரும்பாலும் தமிழில், பதிவாளர் கையெழுத்தில் இருக்கும். அதில் புள்ளி விடுபட்டிருக்கலாம், கொ, கோ இரண்டுக்கும் ஒரே கொம்பு இருக்கலாம். உங்கள் பெயரில் உள்ள 'ணா'வும் 'லை'யும் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய சுழித்த வடிவத்தில் இருக்கும். 'லை'க்கு முன்னால் தும்பிக்கை போல ஒரு வளைவு. இந்த எழுத்துகளைப் பழகாதவர் வேறு பெயராக வாசித்துவிடுவார், அந்தத் தவறு தட்டச்சுப் பிரதிக்கும் போய்விடும். ஊரில் எழுபது வயது தாண்டிய ஒருவரிடம் படத்தைக் காட்டி வாசிப்பியுங்கள்.

தடங்கல் வரும் இடங்களும் உண்டு. பெற்றோரின் திருமணம் பதியப்படாமல் இருந்தால் பிள்ளையின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இல்லாமலே போயிருக்கலாம். அப்படி இருந்தால் அது குடும்பத்துக்கு இழுக்கு அல்ல, சட்டம் அன்று கேட்ட கேள்வியின் விளைவு. பிறப்பைப் பல ஆண்டு கழித்துப் பதிந்தவர்களுக்கும், பதிவே கிடைக்காமல் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தவர்களுக்கும், பெயரும் ஆண்டும் அன்று நினைவில் இருந்தபடி எழுதப்பட்டவை. இரண்டு மூன்று ஆண்டு முன்பின் தேடுங்கள். 1983-க்குப் பிறகு வந்த இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் வீட்டிலிருந்த தாள்கள் அழிந்துபோன குடும்பங்கள் பல. வீட்டுப் பிரதி போனாலும் பதிவு போனதாகாது. இன்னொன்று, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். வீட்டிலும் ஊரிலும் கோணாமலை, காணி உறுதியில் கோணேசபிள்ளை. கவனமான நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்) 'கோணாமலை என்னும் கோணேசபிள்ளை' என்று எழுதியிருப்பார், மற்றவர் எழுதியிருக்கமாட்டார். வயது, மனைவி பெயர், காணியின் எல்லை மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள் என்று கொள்ளலாம். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது.

பதிவுகளுக்கு வெளியே நான் பெரிதும் நம்புவது இரண்டு. ஒன்று காணி உறுதி. காணி கைமாறி வந்த வழியை அது சொல்லும், அதில் தகப்பனும் சகோதரரும் சீதனம் பெற்ற பெண்களும் பெயரோடு வருவார்கள். காணிப் பதிவகத்தில் அதன் பதிவு இருக்கும். மற்றது அந்தியேட்டி என்ற மரணச் சடங்கின்போது அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலர். அதில் வம்சாவளி போடுவது வழக்கம், மருமக்கள் பேரப்பிள்ளைகள் எந்த நாட்டில் என்பது வரை இருக்கும். நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் இப்படியான மலர்கள் நிறைய ஏற்றப்பட்டிருக்கின்றன; தமிழில் தட்டித் தேடுங்கள். மலரின் வம்சாவளியில் அண்மைய மூன்று தலைமுறை நம்பத்தக்கது. அதற்கு மேலே எழுதியிருப்பதை ஆவணத்தோடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும். பேரனார் படித்த பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும், பள்ளி அதை வைத்திருந்தால்.

இடாப்பில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுபடி வந்தால் குழம்ப வேண்டாம். பேரனாரின் பெயரை மூத்த மகன்வழிப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் வழக்கம். ஆகவே 1890-இல் ஒரு கோணாமலையும் 1940-இல் ஒரு கோணாமலையும் ஒரே வீட்டில் இருக்கலாம். எந்தக் கோணாமலை உங்கள் குடும்பப்பெயர் ஆனவர் என்பதைப் பிறந்த ஆண்டால் பிரித்தறியுங்கள்.

இப்போது அந்த இன்னொரு குடும்பம். பெயர் ஒன்று என்பதால் சொந்தம் என்று கொள்ள முடியாது, ஏனென்றால் அவர்களுடையது வேறொரு கோணாமலையாக இருக்கலாம். சொந்தம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர்களிடம் பெயரைப் பற்றிக் கேட்காமல் இவற்றைக் கேளுங்கள்: கோணாமலை என்றவர் உங்களுக்கு என்ன முறை, அவர் எந்த ஊரில் எந்த ஆண்டளவில் பிறந்தார், அவருடைய மனைவி பெயர் என்ன, கூடப்பிறந்தவர் யார் யார், குலதெய்வம் எந்தக் கோயில். மனைவி பெயரும் கூடப்பிறந்தவர் பெயரும் பொருந்தினால் ஒரே வீடு. ஊர் மட்டும் பொருந்தினால் அந்த ஆளின் தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் இரு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். தாய்வழியை மறக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் போய், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பது அதிகம், அதனால் ஒரு வளவில் வாழ்ந்தவர்களை இணைப்பது பெரும்பாலும் பெண்வழி.

எழுத்துக்கூட்டலை மாற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சொந்தம் என்று உறுதியானாலும் மாற்ற வேண்டியதில்லை. உங்கள் கடவுச்சீட்டு, பட்டம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எல்லாம் இப்போதுள்ள எழுத்தில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்றவை எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும், ஊரில் உள்ள காணிக்கு உரிமை காட்ட வேண்டி வந்தால் இன்னும் சிக்கல். அதற்குப் பதிலாக ஒரு சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) செய்து வையுங்கள்: அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தமிழில் உள்ள பெயரும், உங்கள் ஆவணங்களில் ஆங்கிலத்தில் உள்ள பெயரும் ஒன்றே என்று, இரண்டு எழுத்துக்கூட்டலையும் அதில் முழுதாகக் காட்டி. அதனோடு பிறப்புச் சான்றிதழின் படப்பிரதியையும் இணைத்து வையுங்கள். அடுத்து பிறக்கும் பிள்ளையின் பதிவில் தமிழ் எழுத்தும் சேர்க்க அந்த நாடு இடம் தந்தால், டண்ணகரத்தோடு 'கோணாமலை' என்று எழுதுவியுங்கள்.